பூவைப் பார்த்துச் சொல்லும் விலை: புதிதாகச் சந்தைக்கு வந்த சமூக ஊடகப் பங்கை வாங்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே வசிக்கிறோம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. என் கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மாமனார் வழியில் வந்த மூன்று ஏக்கர் மாந்தோப்பும் உண்டு. சீட்டு முடிந்து வந்த பணம், சேமிப்பு எல்லாம் சேர்த்துக் கையில் 6 லட்சம் ரூபாய் இருக்கிறது. பெங்களூருவில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் தம்பி, அமெரிக்கச் சந்தையில் அண்மையில் பட்டியலான ஒரு சமூக ஊடக நிறுவனத்தின் பங்கில் 4 லட்சம் போடச் சொல்கிறான். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் முதல் பேருந்து நடத்துநர் வரை எல்லோரும் அந்தச் செயலியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பங்கு விலை வெளியீட்டு விலையைப்போல் ஒன்றரை மடங்காகிவிட்டது. நிறுவனமோ இன்னும் லாபம் ஈட்டவில்லை. லாபமே இல்லாத நிறுவனத்தின் பங்கு விலை நியாயமானதா, ஊதிப் பெருத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் தம்பி சொல்வது நல்ல நிறுவனமா என்பது ஒரு கேள்வி; இன்றைய விலைக்கு அதை வாங்கலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. செயலியை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பது முதல் கேள்விக்குத்தான் ஓரளவு பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு விலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு உங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நடக்கும் ஒன்றுதான்.

தை, மாசியில் மரங்கள் பூத்து நிற்கும்போது குத்தகைக்காரர் உங்கள் தோப்புக்கு வருகிறார். நாலைந்து மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறார், ஒரு பூங்கொத்தை வளைத்து விரலால் தட்டிப் பார்க்கிறார், பிறகு ஒரு தொகை சொல்கிறார். அவர் 1,50,000 ரூபாய் சொன்னதாக வைத்துக்கொள்வோம். மாங்கூழ் ஆலை டன்னுக்கு 15,000 ரூபாய் கொடுக்கும் என்றும், மருந்தடிப்பு, காவல், பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் டன்னுக்கு 4,000 ரூபாய் ஆகும் என்றும் அவர் எண்ணினால், ஒரு டன்னுக்கு அவர் கையில் நிற்பது 11,000 ரூபாய். அப்படியானால், கொடுத்த குத்தகை திரும்பி வருவதற்கே ஏறத்தாழ 14 டன் காய் இறங்க வேண்டும். இனி அவர் சொன்ன தொகை அதிகமா குறைவா என்று வாதாட வேண்டியதில்லை. இந்தத் தோப்பு 14 டன் காய்க்குமா என்று கேட்டால் போதும். அதற்குப் பதில் சொல்ல உங்கள் மாமனாருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பூ நிறையப் பூத்திருந்தாலும் பிஞ்சு உதிரலாம் என்பதும், காய் நிறையக் காய்த்த ஆண்டிலேயே, கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாங்காயின் விலை அடிமட்டத்துக்குப் போகலாம் என்பதும் 2025-இன் கோடையைப் பார்த்த கிருஷ்ணகிரி விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சமூக ஊடக நிறுவனத்தில் பயனர் எண்ணிக்கை என்பது பூ. அந்தப் பயனர்களிடமிருந்து விளம்பரம் மூலம் கிடைக்கும் வருவாய் காய். செலவெல்லாம் போக மிஞ்சும் லாபமே ஆலை வாசலில் நம் கைக்கு வரும் பணம். புதிதாகப் பட்டியலாகும் நிறுவனத்தின் விலை பெரும்பாலும் பூவைப் பார்த்துப் பேசப்படுகிற விலை.

நடந்து முடிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்ப்போம். ஃபேஸ்புக் 2012 மே 18 அன்று 38 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. அந்த விலையில் முழு நிறுவனத்தின் மதிப்பு சுமார் 10,400 கோடி டாலர். அதற்கு முந்தைய 2011-இல் அதன் வருவாய் 371 கோடி டாலர், நிகர லாபம் 100 கோடி டாலர்; அதாவது ஓராண்டு லாபத்தைப்போல் 104 மடங்கு விலை. இவ்வளவு ஆபத்தை ஏற்கும் முதலீட்டாளர் ஆண்டுக்கு 12 சதவீதமாவது எதிர்பார்ப்பார் என்று கொண்டால், பத்தாண்டில் அந்த மதிப்பு மூன்று மடங்குக்குச் சற்று மேலாக, சுமார் 32,300 கோடி டாலராக வளர வேண்டும். பத்தாண்டுக்குப் பிறகு நிறுவனம் முதிர்ந்து, சந்தை அதன் லாபத்துக்கு 20 மடங்கு விலை மட்டுமே கொடுக்கும் என்று வைத்தால், அன்றைய லாபம் சுமார் 1,600 கோடி டாலராக இருக்க வேண்டும். 100 கோடி 1,600 கோடியாக வேண்டுமானால் பத்தாண்டு இடைவிடாமல் ஆண்டுக்கு 32 சதவீத வளர்ச்சி தேவை. 38 டாலர் என்ற விலைக்குள் இருந்த நம்பிக்கை இதுதான்.

அன்று இதைப் பார்த்தவர்களில் பலர் நடக்காது என்றார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஃபேஸ்புக்கின் லாபம் 2017-லேயே சுமார் 1,590 கோடி டாலரைத் தொட்டுவிட்டது. பத்தாண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் விட்டுக்கொடுத்த இலக்கை அது ஆறே ஆண்டில் அடைந்தது. ஆகவே லாபத்தைப்போல் 100 மடங்கு விலை என்பதை மட்டும் வைத்து ஊதிப் பெருத்த பங்கு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதே பங்கு பட்டியலாகி நான்கு மாதம் ஆவதற்குள், 2012 செப்டம்பர் தொடக்கத்தில், 17.73 டாலருக்கு இறங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் பணம் கரைந்தது. அதற்கு முக்கியமான காரணம் அதன் வெளியீட்டு ஆவணத்திலேயே இருந்தது: 90 கோடி பயனர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கைப்பேசி வழியாகவும் வந்துகொண்டிருந்தார்கள், ஆனால் கைப்பேசியிலிருந்து குறிப்பிடத்தக்க வருவாய் இல்லை என்று நிறுவனமே எழுதியிருந்தது. மொத்த வருவாயில் 12 சதவீதம் ஸிங்கா என்ற ஒரே விளையாட்டு நிறுவனத்தைச் சார்ந்தது என்பதும் அதில் இருந்தது. 2013-இன் கடைசிக் காலாண்டில் விளம்பர வருவாயில் பாதிக்கு மேல் கைப்பேசியிலிருந்தே வந்தது. விலையும் அதற்குள் 38 டாலரைத் தாண்டிவிட்டது. முதல் நாள் வாங்கியவர் வெளியீட்டு விலையை மீண்டும் பார்க்க ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் வந்திருந்தால், அவருக்கு அது நட்டமான பங்குதான்.

அடுத்து, ஸ்னாப்சாட் செயலியை நடத்தும் ஸ்னாப் நிறுவனம். 2017 மார்ச்சில் 17 டாலருக்கு வெளியிடப்பட்டு, முதல் நாளே 24.48 டாலரில் முடிந்தது. வெளியீட்டு விலையிலேயே மதிப்பு சுமார் 2,400 கோடி டாலர். 2016-இன் வருவாயோ 40 கோடி டாலர்தான், அதிலும் 51 கோடி டாலர் நட்டம். வருவாயைப்போலவே ஏறத்தாழ 60 மடங்கு விலை. அதன் பிறகு நிறுவனம் சும்மா இருந்துவிடவில்லை. நாள்தோறும் பயன்படுத்துவோர் 15.8 கோடியிலிருந்து 2024 இறுதியில் 45 கோடிக்கு மேல் உயர்ந்தார்கள்; வருவாய் 13 மடங்காகி 536 கோடி டாலரை எட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் 2024 இறுதியில் பங்கு விலை 11 டாலர் அளவில், 2017-இன் வெளியீட்டு விலைக்குக் கீழேயே நின்றது. 2024 வரை ஓர் ஆண்டுகூட அது ஆண்டு லாபம் காட்டவில்லை. ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு பங்காகக் கொடுத்தது மட்டும் 2023, 2024 இரண்டிலும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல். பூவும் குறையவில்லை, காயும் குறையவில்லை. கொடுத்த குத்தகைதான் அதிகம். இடையில் 2021-இல் அது 80 டாலரைத் தாண்டியது உண்மை, அப்போது விற்றவர்களுக்கு லாபமும் உண்டு. ஆனால் அந்த உச்சியில் வாங்கியவர்களின் நிலையையும் நினைத்துப் பாருங்கள்.

லாபமே இல்லாத நிறுவனத்துக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். அங்கே வருவாயிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் சந்தை மதிப்பு அதன் ஆண்டு வருவாயைப்போல் 30 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்போலவே 12 சதவீத ஆதாயம், பத்தாண்டுக்குப் பின் லாபத்தைப்போல் 20 மடங்கு விலை. வருவாயில் நூற்றுக்கு 20 லாபமாக நிற்கும் என்றும் கொள்வோம். நன்றாக நடக்கும் நிறுவனத்துக்கு அது நியாயமான எதிர்பார்ப்பு. 30 மடங்கு என்ற மதிப்பு பத்தாண்டில் சுமார் 93 மடங்காக வேண்டும்; அதை 20-ஆல் வகுத்தால், அன்றைய லாபம் இன்றைய வருவாயைப்போல் சுமார் 4.7 மடங்கு; லாபம் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால், பத்தாண்டில் வருவாய் இன்றைக்கு இருப்பதைப்போல் 23 மடங்காக வேண்டும் என்று விடை வரும். இந்த எண்ணைத்தான் மற்ற நிறுவனங்களின் வரலாற்றோடு ஒப்பிட வேண்டும். ஃபேஸ்புக்கின் வருவாய் 2011-இலிருந்து 2021-க்குள் சுமார் 32 மடங்கானது. ஸ்னாப் எட்டு ஆண்டில் 13 மடங்கு. ட்விட்டர் 2013-இலிருந்து 2021 வரையிலான எட்டு ஆண்டில் எட்டு மடங்குகூட ஆகவில்லை. 2013 நவம்பரில் முதல் நாள் 44.90 டாலரில் முடிந்த அந்தப் பங்கை 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 54.20 டாலருக்கு வாங்கினார், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக்கு மொத்தமே 21 சதவீத ஏற்றம். ஆக, 30 மடங்கு விலை கொடுப்பவர், தான் வாங்குவது இன்னொரு ஃபேஸ்புக் என்று சொல்லித்தான் வாங்குகிறார். அப்படி இருக்கவும் கூடும். ஆனால் அதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

கணக்குப் போடும்போது இன்று வெளியில் உள்ள பங்குகளை மட்டும் எண்ணாமல், ஊழியர்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட பங்குகளையும் சேர்த்தே சந்தை மதிப்பைப் பாருங்கள். குத்தகை பேசி முடித்த பிறகு, கிழக்குப் பக்கத்து நாற்பது மரம் வேறொருவருக்கு என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

பள்ளிப் பிள்ளைகளும் நடத்துநரும் பயன்படுத்துகிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். 2023-இன் கடைசிக் காலாண்டில் ஃபேஸ்புக் ஒரு பயனரிடமிருந்து ஈட்டிய சராசரி வருவாய் அமெரிக்காவிலும் கனடாவிலும் 68 டாலருக்கு மேல். நாம் இருக்கும் ஆசிய-பசிபிக் பகுதியில் ஐந்தரை டாலர். அங்கே ஒருவர் தரும் வருவாய்க்கு இங்கே பன்னிரண்டு பேர் வேண்டும். போச்சம்பள்ளிச் சந்தையில் எல்லோர் கையிலும் அந்தச் செயலி இருப்பது பயனர் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும், வருவாயை அந்த அளவுக்கு ஏற்றாது. ஆகவே காலாண்டு அறிக்கையில் மொத்தப் பயனர் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிற்காமல், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எத்தனை பேர், அவர்களிடமிருந்து தலைக்கு எவ்வளவு வருகிறது, அது சென்ற ஆண்டைவிடக் கூடியதா என்று தேடிப் பாருங்கள்.

பட்டியலான தொடக்கத்தில் காணும் விலையை நான் நம்பாததற்கு வேறொரு காரணமும் உண்டு. பெரும்பாலும் நிறுவனத்தின் ஒரு சிறு பகுதிப் பங்குகளே முதலில் சந்தைக்கு வருகின்றன. நிறுவனர்களும் ஊழியர்களும் பழைய முதலீட்டாளர்களும் வழக்கமாக ஆறு மாதம் வரை விற்க முடியாது. சரக்கு குறைவாகவும் கேட்பவர்கள் அதிகமாகவும் இருக்கும் நாளில் பாலக்கோட்டில் தக்காளிக்கு என்ன விலை நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 2012 ஆகஸ்ட் 16 அன்று ஃபேஸ்புக்கின் முதல் தடைக்காலம் முடிந்தபோது ஒரே நாளில் விலை 6 சதவீதம் இறங்கியது. அதே ஆண்டு நவம்பரில் இன்னும் பெரிய தொகுதி, சுமார் 80 கோடிப் பங்குகள் விடுவிக்கப்பட்ட நாளில் விலை ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும். தடை நீங்கினால் விலை விழுந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் விற்கும் உரிமை பெற்ற பிறகு நிற்கும் விலையே ஆராயத் தக்க விலை என்கிறேன்.

இனி உங்கள் பணம். இங்கிருந்து பணம் அனுப்பி வாங்குவதில் சட்டத் தடை இல்லை. ரிசர்வ் வங்கி ஒருவருக்கு ஓராண்டில் 2,50,000 டாலர் வரை அனுமதிக்கிறது, 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்கு, அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் டி.சி.எஸ். என்ற முன்வரிப் பிடித்தமும் கிடையாது. ஆனால் வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் அதைக் காட்டியே ஆக வேண்டும். இதைத் தவறவிட்டு நோட்டீஸோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் கருத்து தெளிவானது. இன்னும் ஒன்றரை, இரண்டு ஆண்டில் மகளின் கல்லூரிச் செலவு வரப்போகும் வீட்டில், இருக்கும் 6 லட்சத்தில் 4 லட்சத்தை ஒரே நிறுவனத்தில், அதுவும் லாபம் காணாத ஒரு நிறுவனத்தில் போடக்கூடாது. விலை நியாயமாகவே இருந்தாலும் என் பதில் இதுதான். கல்லூரிக்கு வேண்டிய தொகையை வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைப்பு நிதியாக ஒதுக்கிவிடுங்கள். இந்தப் பங்கின் மேல் உங்களுக்கே உண்மையான நம்பிக்கை பிறந்தால், விற்பனைத் தடைக்காலம் முடிந்து, இரண்டு காலாண்டு முடிவுகளாவது வெளிவந்த பிறகு, 30,000 அல்லது 40,000 ரூபாய்க்கு மேற்படாமல் வாங்குங்கள். அந்தப் பணம் பாதியானாலும் வீட்டில் எந்தக் காரியமும் நிற்காது.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை தம்பி ஊருக்கு வரும்போது ஒரு தாளை எடுத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள். நிறுவனத்தின் முழுச் சந்தை மதிப்பு, கடந்த ஆண்டின் வருவாய் இரண்டையும் எழுதி, வருவாய் பத்தாண்டில் எத்தனை மடங்காக வேண்டும் என்ற எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த வளர்ச்சி எந்த நாட்டிலிருந்து, எந்த விளம்பரத்திலிருந்து வரும் என்று தம்பியைக் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்பினால், எந்த வரியில் எனக்குச் சந்தேகம் என்று குறித்து அனுப்புகிறேன்.