ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆனால் நெஞ்சு அழுத்துகிறதே?

கேள்வி: எனக்கு 54 வயது. சர்க்கரை இருக்கிறது. மாடி ஏறினால் நடு நெஞ்சில் அழுத்துகிறது. உட்கார்ந்த பிறகும் கால் மணி நேரத்துக்கு விடுவதில்லை. ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை, வாயுவாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். ஊசி மருந்து ஏற்றி ரத்தக் குழாய்களைச் சுத்தம் செய்யும் இடம் இருக்கிறது, கூட்டிப் போகிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போகலாமா?

பதில்: போகாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்கள் வலிக்கு வருகிறேன். அது பொய் வலி அல்ல.

ஆஞ்சியோ என்பது இதய ரத்தக் குழாய்களுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம். அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள். பெரிய குழாய்கள் கறுப்பாகத் தெரியும், கிளைகள் மெலிந்துகொண்டே போகும், ஓரிடத்தில் மறைந்துவிடும். அங்கே குழாய் முடியவில்லை, படம் முடிகிறது. சுமார் அரை மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளவை அதில் தெரியாது. இதயத் தசைக்கு எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்று தீர்மானிப்பவை பெரும்பாலும் அந்தத் தெரியாத குழாய்கள்தான். 'அடைப்பில்லை' என்றால் பெரிய குழாயில் இல்லை, அவ்வளவே.

இதயத் தசை சும்மா இருக்கும்போதே தனக்கு வரும் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மாடி ஏறும்போது இன்னும் வேண்டுமென்றால் ரத்தமே கூடுதலாக வர வேண்டும், வேறு வழி கிடையாது. அதற்குச் சிறு குழாய்கள் விரிந்து கொடுக்க வேண்டும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை, கொழுப்பு எல்லாம் அவற்றின் உள்சுவரைக் கெடுக்கின்றன. விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. தசையின் உட்பக்கம் முதலில் பட்டினி கிடக்கும், நெஞ்சு அழுத்தும். நாளாக நாளாக இதயச் சுவர் விறைத்து மூச்சு வாங்கலாம். அப்போதும் எக்கோ என்ற இதய ஸ்கேனில் 'பம்பிங் நார்மல்' என்றே வரக்கூடும். மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். அவர்களைத்தான் 'மனக்கவலை' என்று சொல்லி அனுப்புகிறார்கள். அடைப்பை விரிக்கப் பலூன் வைக்க இடமில்லாத நோயாளியிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை. எனக்கு இதில் ஆறாத கோபம்.

சரி, அந்தச் 'சுத்தம்' செய்யும் ஊசி. ஈயம் போன்ற உலோகம் உடம்பில் சேர்ந்தவர்களுக்கு அதை வெளியேற்றக் கொடுக்கும் மருந்தையே குழாய் கழுவும் மருந்து என்று விற்கிறார்கள். உங்கள் சிறு குழாய்களில் கழுவ அழுக்கு எதுவும் இல்லை. கோளாறு சுவரில், அது விரிவதில். தவறாக ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து உயிரே போகலாம், சிறுநீரகமும் கெடலாம். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்கு ஊசி குத்திய தழும்புதான் மிஞ்சும். அடைப்பைக் கரைக்கும் பொடி, கஷாயம் என்று வருபவர்களும் இதே ரகம். இருபது, முப்பது சதவீதச் சுருக்கத்தைக் காட்டி 'எதற்கும் ஒரு ஸ்டென்ட் வைத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுமுன் இன்னொரு இதய மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "சிறு ரத்தக் குழாய்க் கோளாறாக இருக்குமா? ரத்த ஓட்டத்தை அளக்கும் சோதனை செய்யலாமா?" மருந்து கொடுத்து எடுக்கும் இதய எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், குழாய்க்குள் மெல்லிய கம்பி செலுத்தி அளப்பது என்று வழிகள் உண்டு. சோதனை கிடைக்கத் தாமதமானால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவருவதைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணின் விழித்திரையையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். விழித்திரையில் சிறு குழாய்களை நேரடியாகவே பார்க்க முடியும். அங்கே பழுது தெரிந்தால் இதயத்திலும் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலி மாடி ஏறும்போது வராமல், படுத்திருக்கையில், குறிப்பாக விடியற்காலையில் எழுப்பிவிடும் விதமாக வந்தால் அது குழாய் இறுகிப் பிடிக்கும் வகையாக இருக்கலாம். உங்களைப் போல ஏறும்போது வலிப்பவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை அந்த வகையை மோசமாக்கக்கூடும். அதனால் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது, எத்தனை நிமிடம் என்று இரண்டு வாரம் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டு எழுதுமுன் அதை மருத்துவர் கையில் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

வழக்கத்தைவிடக் கடுமையாக, வியர்வையோடு வலி வந்து ஓய்வெடுத்தும் குறையாவிட்டால், 'ஆஞ்சியோ நார்மல்தானே' என்று வீட்டில் இருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போய் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.