பைப் விளக்கும் மூன்றாவது வயரும்

வணக்கம் சார்,

பழைய வீட்டை இடித்தபோது கழற்றிய முக்கால் இஞ்ச் ஜிஐ பைப், எல்போ, டீ எல்லாம் ஒரு மூட்டை கிடந்தது. காயலான் கடைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் அவற்றைத் திருகிச் சேர்த்து ஒரு மேசை விளக்கு செய்தேன். வருகிறவர்கள் எல்லாம் எந்தக் கடையில் வாங்கினாய் என்கிறார்கள். ஆனால் வெறுங்காலோடு தொட்டால் சில நாள் சுள்ளென்கிறது. எலக்ட்ரீஷியன் பிளக்கைத் திருப்பிச் செருகச் சொன்னார், கொஞ்சம் குறைந்தது. என் மனைவியோ அதை வெளியே எடுத்துப் போடச் சொல்கிறாள். அடுத்து பாட்டியின் பித்தளைத் தவலையைக் கவிழ்த்துத் தொங்கும் விளக்காக்க ஆசை. அம்மா ஓட்டை போட விடமாட்டேன் என்கிறார். துரு நீக்கவும் ஒரு வழி சொல்லுங்கள்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திருப்பிச் செருகியதும் குறைந்தது என்கிறீர்களே, அது பழுது நீங்கியதால் அல்ல. இரண்டு பின் பிளக்கைத் திருப்பினால் ஃபேஸ் (ஷாக் அடிக்கும் மின்சாரம்) வந்த வயரில் நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வழி) வரும், அவ்வளவுதான். காயம்பட்ட வயர் உள்ளேயே இருக்கிறது.

எங்கே காயம்பட்டிருக்கும் என்றும் சொல்ல முடியும். பைப்பை அறுத்து மரை போடும்போது உள்விளிம்பில் பிசிறு நிற்கும். விரலை விட்டுப் பாருங்கள், கீறும். அந்த விளிம்பு வழியாக வயரை இழுக்கும்போது மேலுறை சீவிக்கொண்டு போகிறது. எல்போ திரும்பும் இடம் இன்னும் மோசம். நானும் முதல் விளக்கில் இதைத்தான் செய்தேன். மழைநாளில் ஈரத்தரையில் நின்று தொட்டபோதுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொரு முனையையும் உருட்டு அரத்தால் உள்பக்கம் மழுங்கத் தேயுங்கள். வயர் வெளியே வரும் துளையில் ரப்பர் புஷ் போடுங்கள். பழைய வயரைத் தூக்கியெறிந்துவிட்டு உள்ளே மூன்று வயர் ஓடும் மூன்று கோர் கேபிள் வாங்குங்கள். அதில் பச்சைதான் எர்த், கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர். அதன் நுனியில் லக் (ஓட்டையுள்ள சின்ன உலோக முனை) வைத்து, பைப்பில் ஒரு இடத்தில் பெயின்ட் போகச் சுரண்டி, நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். பெயின்ட்டின் மேல் இறுக்கினால் அது எர்த் இல்லை, அலங்காரம். மூன்று பின் பிளக் போட்டு, மின்சாரத்தில் செருகும் முன்பே, அதன் பெரிய பின்னுக்கும் விளக்கின் ஒவ்வொரு துண்டுக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் பீப் வர வேண்டும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் சில இடத்தில் வராமல் போகலாம், கவனம். அப்புறம், சுவரில் இருக்கும் சாக்கெட்டுக்கு உண்மையிலேயே எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், வேறு எலக்ட்ரீஷியனை வைத்து. வீட்டு ஃபியூஸ், சுவிட்செல்லாம் இருக்கும் டிபி பெட்டியில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள்.

திருகிச் சேர்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள், அதில் எனக்கு மகிழ்ச்சி. ஜிஐ பைப்பை வெல்டிங் வைக்கவே வேண்டாம். மேலே பூசியிருப்பது துத்தநாகம். அது 907 டிகிரியில் கொதிக்கும். வெல்டிங் பொறியின் சூடு அதைப்போல் பல மடங்கு. வெள்ளைப் புகை வரும், மூச்சில் போனால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் அடிக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள் பட்டறையில். பால் நுரையீரலுக்குப் போவதில்லை.

துருவுக்குக் கடைச் சரக்கும் உண்டு, நான் நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறேன். ஒரு கைப்பிடி கடுக்காய்ப் பொடியை அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் டப்பாவில் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். கம்பி பிரஷால் உதிரும் துருவை மட்டும் தேய்த்துவிட்டு, மிச்சத்தின் மேல் இதைப் பூசுங்கள். கடுக்காயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்து நீலம் ஓடிய கருப்பாக மாறும். இரண்டு கை பூசி, நன்றாகக் காய்ந்ததும் தேன்மெழுகு தேய்த்தால், எந்த ஸ்ப்ரே பெயின்ட்டும் தராத ஒரு கருப்பு கிடைக்கும். இது வெறும் இரும்புக்குத்தான். ஜிஐயில் துத்தநாகம் போய்த் துரு பிடித்த இடத்தில் மட்டும் வேலை செய்யும்.

பழைய கிரில், ஜன்னல் கம்பி என்று இறங்கினால் ஒன்று: வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில். தின்னர் இருந்த டிரம்மை வாங்கி அறுக்கவும் வேண்டாம், வெடிக்கும்.

இனி தவலை. நான் உங்கள் அம்மா பக்கம். ஓட்டை விழுந்த பாத்திரம் காயலான் கடையில் எடைக்குத்தான் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இதே மாதிரித் தவலைகள் உருப்படிக்கு விலை சொல்லி அடுக்கியிருப்பார்கள். முழுசாக இருப்பதால்தான் அந்த விலை. கவிழ்த்துத் தொங்கவிடுவதில் வேறு சிக்கலும் உண்டு. சூடு மேலே ஏறி மூடிய அடிப்பாகத்தில் தங்கும். எல்இடி பல்பின் மின்னணுப் பாகங்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது, சீக்கிரம் போய்விடும்.

கவிழ்க்காமல் நிமிர்த்தியே வையுங்கள். உள்ளே 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றி இறக்குங்கள். மெல்லிய வயர் வாய் வழியாக வெளியே வரட்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் உள்ள அடாப்டராக வாங்கி அதைச் சுவரோரமே வைத்தால், 230 வோல்ட் பாத்திரத்தின் பக்கமே வராது. வெளிச்சம் வாய் வழியாக ஏறிக் கூரையில் வட்டமாக விழும். ஸ்ட்ரிப் வார்ம் ஒயிட்டாக, அதன் மேல் போட்டிருக்கும் நிற அளவு 3000 கெல்வினுக்குள் இருக்கட்டும். டியூப்லைட் வெள்ளையில் பித்தளை, வெளுத்த மஞ்சள்காமாலை மாதிரி தெரியும்.

ஸ்ட்ரிப் வாங்கும் முன் தவலைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளீயம் பூசியிருந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட அப்படியே வெள்ளையாகத் திரும்பும். பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தால் தங்க நிறம் ஏறும். எது என்று எழுதுங்கள், எத்தனை அடி ஸ்ட்ரிப் வேண்டும் என்று சொல்கிறேன். புளி போட்டு விளக்குவதானால் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.