'மக்கா'ன்னா என்ன அர்த்தம், யாரையெல்லாம் அப்படி கூப்பிடலாம்?

'மக்கா'ங்கறது மச்சான், நண்பா மாதிரி ஒரு ஸ்லாங்கா, இல்ல மலையாளத்துல இருந்து வந்ததான்னு கேட்டிருக்கீங்க. நான் நாரோயில் (நாகர்கோவில்) பக்கம், எங்க வீட்ல இந்த வார்த்த இல்லாம ஒரு பேச்சு ஓடாது, அதான் எழுதலாம்னு வந்தேன்.

ரெண்டும் இல்லங்க. மக்கள்தான் மக்கா. ஆனா எலெக்சன்ல ஓட்டு கேக்குறாங்களே அந்த மக்கள் இல்ல, பெத்த பிள்ளைங்க. மகன், மகள் எல்லாத்துக்கும் சேத்து மக்கள். "மக்கள் மெய்தீண்டல் உடற்கின்பம்"னு குறள்ல வருதுல்லா, அந்த மக்கள். தொல்காப்பியத்துல "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே"ன்னு மனுசங்கங்கற அர்த்தமும் இருக்கு, ஆக ரெண்டுமே பழசுதான், எங்க பக்கம் பேச்சுல பிள்ளைங்கற அர்த்தம் கெட்டியா நின்னுட்டு. "அவருக்கு எத்தன மக்க?"ன்னுதான் இப்பவும் கேப்பாங்க. (இதுல ஒரு கூத்து என்னன்னா, நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்கள்ட்ட முன்னாடி மருமக்கள் வழி இருந்துது, சொத்து போறது முக்கியமா அக்கா தங்கச்சி பிள்ளைங்களுக்கு. வாய் நிறைய மக்களேன்னு கூப்பிட்டது ஒரு பக்கம், வயல் போனது வேற பக்கம். தேரூர்ல பொறந்த கவிமணி இத நக்கலடிச்சு, பெருமை பாடுற மாதிரி ஒரு மான்மியமே பாடி வச்சிருக்காரு.)

மக்கள் எப்படி மக்கா ஆச்சுங்கறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். ஒருத்தர கூப்பிடும்போது சொல் மாறுறத இலக்கணத்துல விளின்னு சொல்லுவாங்க, அதுல ள்ல முடியற சொல்லுக்கு கடைசிக்கு முந்தின எழுத்து நீளும்னு ஒரு விதி, அதுக்கு உதாரணமே மக்கள் - மக்காள்தான். பேச்சுல அவள் 'அவ' ஆகுற மாதிரி இங்கயும் ள் விழுந்தா மக்கா. லோக்கல் பாஷன்னு சிரிக்கறவங்க கொஞ்சம் நன்னூல புரட்டிட்டு வரட்டும்.

மலையாளத்துலயும் மக்கள்னா பிள்ளைங்கதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கத்தோட இருந்தவங்க, அதனால இங்க எத பேசினாலும் மலையாள வாடைன்னு சொல்லிடுவாங்க. இது ரெண்டு மொழிக்கும் பொதுவான பழைய சொல்லு, திருநெல்வேலி தூத்துக்குடிலயும்தான் மக்கான்னு கூப்பிடுறாங்க, அவங்கள என்ன சொல்லுவீங்க?

பன்மைச் சொல்லா இருந்தாலும் ஒத்த ஆளத்தான் கூப்பிடுவோம், ஆண் பொண்ணு வித்தியாசம் கிடையாது. ஆச்சி பேத்திட்ட "மக்களே காப்பி குடிச்சியா"ன்னு கேப்பா, மீன்காரம்மா முன்னபின்ன தெரியாத ஆளுட்ட "சாள நல்ல பச்ச மீனு மக்கா, எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லும், சேக்காளிங்களுக்குள்ள கேக்கவே வேண்டாம். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் போனா மக்களேதான் கூடுதலா கேக்கும், பாசம் பொங்கினா "எனக்க மக்களே"ன்னு வரும்.

வயசுக்கு மூத்தவங்கள மட்டும் கூப்பிடக்கூடாது, அவங்களுக்கு அண்ணன், அண்ணாச்சி, அக்கா, பாட்டான்னு இருக்கு. அப்புறம் குரல கவனிக்கணும். "மக்கா, சொல்லிட்டேன் பாத்துக்க"ன்னு ஒருத்தன் மெதுவா சொன்னா அது பாசம் கிடையாது, வண்டிய எடுத்துட்டு கிளம்பிருங்க.