கழன்று விழும் விநாடி முள்

கேள்வி: ரோலக்ஸ் சப்மரைனர் சாயலில் ஒரு டைவர் வாட்ச் (நீரில் மூழ்குவோருக்கான கைக்கடிகாரம்) வைத்திருக்கிறேன், உள்ளே இருப்பது சீக்கோவின் என்ஹெச்35 மெஷின். புது முட்கள் வாங்கி நானே மாட்டினேன். விநாடி முள் இரண்டு நாளில் கழன்று டயல் மேல் கிடக்கிறது. பசை வைக்கலாமா?

பதில்: ஐயோ, பசை வேண்டாம், அது முள் உட்காரும் தண்டு வழியாக மெஷினுக்குள் இறங்கினால் கதை முடிந்தது. நீங்கள் வாங்கியது ஈடிஏ 2824 என்ற சுவிஸ் மெஷினுக்கான முட்களாக இருக்கும். மணி முள் 1.5, நிமிட முள் 0.9 மி.மீ. துளை, இது இரண்டு மெஷினுக்கும் ஒன்றுதான், அதனால்தான் அவை ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. விநாடி முள்ளுக்கு மட்டும் ஈடிஏவில் 0.25, என்ஹெச்35இல் 0.20. அந்த மயிரிழை வித்தியாசம்தான் ஆட்டம் காட்டுகிறது. விற்பவரிடம் என்ஹெச்35க்கு என்று சொல்லியே கேளுங்கள். மாட்டும்போது தேதி மாறும்வரை பக்கவாட்டுக் குமிழைத் திருகி, அந்த நொடியில் மற்ற இரண்டையும் 12இல் வையுங்கள், இல்லாவிட்டால் கண்ட நேரத்தில் தேதி மாறும்! அப்புறம், பின்மூடியைத் திறந்தாயிற்று இல்லையா? ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடுங்கள், வெடித்திருந்தால் புதிது போடுங்கள். தண்ணீர் புகுமா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் தண்ணீரில் இறங்காதீர்கள், டயலில் 200 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் சரி.