அந்தச் சாபம் எனக்குமா, டீச்சர்?

கேள்வி: எங்கள் சபையில் ஐந்து வருடமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். போன மாதம் நோவாவும் அவருடைய மகன்கள் சேம், காம், யாப்பேத்தும் வருகிற கதை. பாடம் முடிந்ததும் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனைக் காட்டி, "இவன் காமோட வம்சம் டீச்சர், அதான் இவ்வளவு கறுப்பு. அவங்களுக்குச் சாபம்" என்றான். அவன் வீட்டில் யாரோ யூடியூபில் கேட்ட பிரசங்கமாம். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கேலிக்கு ஆளானவனுக்குப் பதினோரு வயது. எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, "அந்தச் சாபம் எனக்குமா, டீச்சர்?" என்று கேட்டான். "இல்லப்பா" என்று சொல்லி அனுப்பினேன். ஏன் இல்லை என்று எனக்கே விளக்கத் தெரியவில்லை. வீட்டில் கேட்டால் மாமா, "நாம் சேமின் வம்சம்" என்கிறார். என் கணவரோ, "திராவிடர்கள் காமின் மகன் கூஷின் வழி" என்று எங்கோ படித்திருக்கிறார். தமிழர் உண்மையில் நோவாவின் எந்த மகன் வழி வந்தவர்கள்? அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் சொன்ன "இல்லப்பா" சரியான பதில்தான். அதற்கான காரணம் உங்கள் கையில் இருக்கும் வேதாகமத்திலேயே இருக்கிறது. ஆதியாகமம் 9:25-ஐ எடுத்து, விரலை வைத்து நிதானமாக வாசியுங்கள். "கானான் சபிக்கப்பட்டவன்" என்றுதான் அங்கே இருக்கிறது. காம் சபிக்கப்பட்டதாக அந்த அதிகாரத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. காமுக்கு நான்கு மகன்கள்: கூஷ், மிஸ்ராயிம், பூத், கானான். நோவாவின் வாயிலிருந்து வந்த சாபத்தில் கடைசி மகனின் பெயர் மட்டும்தான் வருகிறது. எத்தியோப்பியப் பக்கத்து மக்களைக் குறிக்கும் கூஷின் பெயர் அதில் இல்லை. நிறத்தைப் பற்றிய பேச்சு அந்தக் கதையில் எங்குமே இல்லை. திராட்சத் தோட்டம் இருக்கிறது, குடிமயக்கம் இருக்கிறது, அப்பாவின் நிர்வாணத்தைப் பார்த்த காம் இருக்கிறான், பின்பக்கமாக நடந்துபோய் அதை மூடிய மற்ற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். தோல் எந்த நிறம் என்று ஒரு சொல் இல்லை.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு என் அக்காவின் ஞாபகம் வந்தது. அவள் நல்ல கறுப்பு. எனக்கு எட்டு வயது இருக்கும்போது, ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் இதே காம் கதையை இதே மாதிரி சொன்னார். பந்தலில் பாயில் உட்கார்ந்திருந்த அக்கா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அம்மா என்னவென்று கேட்டதற்கு வயிற்றுவலி என்றாள். அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வசனத்தில் இல்லாத நிறம் பிறகு எப்படி வந்தது? வேதாகமத்துக்கு வெளியே, ஆட்களைப் பிடித்து விற்ற இடங்களில் வந்தது. 15-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியபோது, அந்த நாட்டு அரசவை வரலாற்றாசிரியரே நோவாவின் சாபத்தைக் காரணமாக எழுதிவைத்தார். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் பிரசங்க பீடத்திலிருந்தே அதைச் சொன்னார்கள். செய்கிற அநியாயத்துக்கு ஒரு வசனம் தேவைப்பட்டது. கானான் என்ற பெயரை ஓரமாகத் தள்ளிவிட்டு, காம் என்று மாற்றி, அதன் மேல் நிறத்தையும் பூசிவிட்டார்கள். யூடியூப் பிரசங்கத்தில் அந்தப் பையன் வீட்டார் கேட்டது இந்தப் பழைய சரக்குதான்.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருவோம். தமிழர் எந்த மகன் வழி? இதற்கு, நோவாவின் மூன்று மகன்கள் வழி வந்தவர்களைச் சொல்லும் ஆதியாகமம் 10-ம் அதிகாரம் என்ன மாதிரியான பட்டியல் என்று பார்க்க வேண்டும். நாம் பெரும்பாலும் பெயர்களைத் தாண்டிப் பாபேல் கோபுரத்துக்கு ஓடிவிடுகிறோம். இந்த முறை ஓடாமல் 15-ம் வசனத்தில் நில்லுங்கள். கானான் தன் மூத்த மகனாகிய சீதோனைப் பெற்றான் என்று இருக்கிறது. சீதோன் என்பது லெபனான் கடற்கரையில் இன்றும் இருக்கிற துறைமுக நகரம். இயேசு தீரு, சீதோன் பக்கம் போனார் என்று வாசிக்கிறோமே, அதே ஊர். அடுத்து எபூசியர், எமோரியர், கிர்காசியர் என்று வருகிறது. இதெல்லாம் ஒரு ஆளின் பெயராக இருக்க முடியுமா? கூட்டத்தின் பெயர். மிஸ்ராயிமின் பிள்ளைகளைப் பாருங்கள்: லூதீம், லெகாபீம், பத்ருசீம். எபிரெயத்தில் 'ஈம்' என்பது நம் 'கள்' மாதிரிப் பன்மை விகுதி. மிஸ்ராயிம் என்பதே எகிப்து நாட்டின் பெயர். எகிப்தியர் இன்றும் தங்கள் நாட்டை 'மஸ்ர்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஊர், நாடு, மக்கள் கூட்டம் எல்லாவற்றையும் அப்பா, பிள்ளை, பேரன் என்று உறவு வைத்துச் சொல்கிற முறை அது. இஸ்ரவேலர் தங்களைச் சுற்றித் தெரிந்த உலகத்தை ஒரு குடும்பமாக எழுதி வைத்தார்கள். பெயர்களை எண்ணினால் யாப்பேத் வழியில் 14, காம் வழியில் 30, சேம் வழியில் 26, ஆக மொத்தம் 70 என்பது யூத மரபின் கணக்கு. வடக்கிலும் மேற்கிலும் கடல் தாண்டியும் இருந்தவர்கள் பெரும்பாலும் யாப்பேத் பக்கம். எகிப்தும் அதைச் சார்ந்தவர்களும் காம் பக்கம். கிழக்கில் இருந்தவர்களும் நெருங்கிய உறவினரும் சேம் பக்கம்.

இது ரத்தக் கணக்கு இல்லை என்பதற்கு அந்த அதிகாரமே சாட்சி. கானானியர் பேசிய மொழி எபிரெயத்துக்குக் கூடப்பிறந்த மொழி. ஆனாலும் கானான் எகிப்தின் தம்பியாகக் காம் வீட்டில் நிற்கிறான். கானான் தேசம் நூற்றாண்டுக்கணக்கில் எகிப்தின் ஆட்சியில் இருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் இது புரிகிறது. இன்றைய ஈரானின் தென்மேற்கில் இருந்த ஏலாமியர் பேசியது எபிரெயத்தோடு எந்த உறவும் இல்லாத மொழி. அவர்கள் சேம் வீட்டில் இருக்கிறார்கள். அப்புறம் சேபா, ஆவிலா என்ற இரண்டு பெயர்கள்: 7-ம் வசனத்தில் காம் வழியில் வருகின்றன, 28, 29-ம் வசனங்களில் சேம் வழியிலும் வருகின்றன. எழுதியவர்களுக்கு இது தெரியாமல் போயிருக்காது. செங்கடலின் இரண்டு கரையிலும் உறவு இருந்த மக்களை இரண்டு வீட்டுப் பிள்ளைகளாகவே விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தப் பட்டியலில் தமிழர் இல்லை. இந்தியாவும் இல்லை. வேதாகமத்தில் இந்துதேசம் என்ற பெயர் எஸ்தர் புத்தகத்தில்தான், பெர்சிய ராஜ்யத்தின் எல்லையாக வருகிறது. இல்லாத நம்மை உள்ளே நுழைக்கப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், சேம் வழி வந்த யொக்தானின் பிள்ளைகளை இந்திய நதி ஒன்றின் கரையில் குடிவைத்தார். உங்கள் மாமா சொல்வதற்கு அவர் துணை நிற்பார். 17-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிஜப்பூர் அரசவையில் இருந்த பெரிஷ்தா என்ற பாரசீக வரலாற்றாசிரியர், காமுக்கு 'ஹிந்த்' என்று ஒரு மகனையே கொடுத்து, அவனுக்குத் 'தக்கண்' என்ற பிள்ளையையும் கொடுத்தார். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1792-ல் இந்தியரைக் காம் வழியில் வைத்தார். கூடவே கிரேக்கரையும் ரோமரையும் அதே வழியில் சேர்த்தார். வேதாகமமோ கிரேக்கரை யாப்பேத் வீட்டில் வைத்திருக்கிறது. உங்கள் கணவர் படித்தது இந்த வரிசையில் வந்த ஏதோ ஒன்றாக இருக்கும். இவர்கள் யாருக்கும் தமிழரைப் பற்றி வேதாகமத்திலிருந்து ஒரு வரி ஆதாரம் கிடையாது. ஆக, மாமாவுக்கும் கணவருக்கும் நடக்கிற வழக்கில் யாரும் ஜெயிக்கப் போவதில்லை. மனித இனம் முழுவதற்கும் ஆதி வீடு ஆப்பிரிக்கா என்றும், வெயில் அதிகமான நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால்தான் தோல் கறுப்பாக இருக்கிறது என்றும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள். அதைக் கேட்டு நீங்கள் பதற வேண்டியதில்லை.

ஆனால் பட்டியலில் இருக்கிற ஒரு பெயர் மட்டும் நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர். யாப்பேத்தின் நான்காவது மகன் யாவான். அயோனியக் கிரேக்கரைக் கிழக்கு நாட்டார் அழைத்த பெயர் அது. பெர்சியர் வாயில் 'யௌனா', வடமொழியில் 'யவன', நம் சங்கப் பாட்டில் 'யவனர்'. பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பலை அகநானூறு காட்டுகிறது. அந்த யவனரும் ஆதியாகமத்து யாவானும் ஒரே பெயர். வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் முகம் மலரும். உண்மையான உறவு இந்த மாதிரி வியாபாரத்திலும் சொல்லிலும்தான் கிடைக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. 10:5-ல் "ஜாதிகளுடைய தீவுகள்", "ஜாதியின்படியேயும்" என்று வாசிப்போம். எபிரெயத்தில் அது 'கோயிம்', அதாவது நாடுகள், மக்களினங்கள். பழைய மொழிபெயர்ப்பு அந்தப் பொருளில்தான் 'ஜாதி' என்றது. இன்று நம் ஊர்ப் பிள்ளை காதில் அது எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். வாசிக்கும்போதே நிறுத்தி அர்த்தம் சொல்லிவிடுங்கள். வேதத்திலேயே ஜாதி இருக்கிறது என்று ஒரு பிள்ளை கூட வீட்டுக்குப் போய்ச் சொல்லக் கூடாது.

வம்சப் பேச்சு விளையாட்டில்லை, சகோதரி. 1863-ல் ஸ்பீக் என்ற ஆங்கிலேயப் பயணி, ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகள் பகுதியை ஆண்ட குடிகள் எத்தியோப்பியாவிலிருந்து வந்த உயர்ந்த காமிய வம்சம் என்று எழுதினார். அதற்குள் காம் பெயரே புரண்டு, சாபத்திலிருந்து உயர்வுக்கு வந்துவிட்டது. வசதிக்கு ஏற்றபடி எப்படி மாறுகிறது பாருங்கள். அந்தப் பகுதியில் இருக்கும் ருவாண்டாவை ஆண்ட பெல்ஜியர்கள் அந்தக் கதையை நம்பி, துத்சி என்ற பிரிவினரே அந்த வம்சம் என்று எண்ணி, அவர்களை ஹூத்து என்ற பிரிவினருக்கு மேலே வைத்தார்கள். 1930-களில் ஹூத்து, துத்சி என்று அடையாள அட்டையிலேயே அச்சடித்தார்கள். 1992-ல் ஒரு அரசியல்வாதி மேடையேறி, துத்சிகளின் ஊர் எத்தியோப்பியா, ஆற்று வழியாகவே அங்கே அனுப்புவோம் என்றார். 1994-ல் சுமார் நூறு நாளில் ஏறக்குறைய 8 லட்சம் பேர், பெரும்பாலும் துத்சிகள், கொல்லப்பட்டார்கள். உடல்கள் நிஜமாகவே ஆற்றில் மிதந்தன.

அதே எழுபது பெயர்களை வைத்து யூத ஆசான்கள் செய்ததும் உண்டு. கூடாரப் பண்டிகையில் முதல் நாள் 13 காளை, மறுநாள் 12 என்று குறைந்து ஏழாம் நாள் 7 காளை பலியிடச் சொல்கிறது எண்ணாகமம் 29. கூட்டினால் 70. அது உலகத்தின் எழுபது மக்களுக்காகவும் என்றார்கள் அவர்கள். ஆதாம் ஏன் ஒற்றை ஆளாகப் படைக்கப்பட்டான் என்று கேட்டு, "உன் அப்பாவைவிட என் அப்பா பெரியவர் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக" என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் பதிலும் வைத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் வகுப்பு. அடுத்த ஞாயிறு அந்தப் பையனைத் தனியாக நிறுத்தி எதுவும் பேசாதீர்கள். அவனுக்கு மறுபடியும் கூச்சமாகும். எல்லாரையும் 9:25-ஐ எடுக்கச் சொல்லி, "சபிக்கப்பட்டது யார்? பெயரைக் கண்டுபிடிங்க" என்று கேளுங்கள். கேலி செய்தவனும் தன் கண்ணாலேயே 'கானான்' என்று படிக்கட்டும். அவனைத் திட்டவும் வேண்டாம், வீட்டில் கேட்டதைத்தான் சொன்னான். பிறகு எண்ணாகமம் 12. மோசே கூஷ் தேசத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். நம் வேதாகமத்தில் 'எத்தியோப்பியா தேசத்து ஸ்திரீ' என்று இருக்கும். அதைக் குறை பேசிய மிரியாம்தான் குஷ்டம் பிடித்து உறைந்த பனியாய் வெளுத்துப்போனாள்.

கானானுக்காவது அந்தச் சாபம் நிலைத்ததா என்று யாராவது கேட்டால், மத்தேயு முதல் அதிகாரத்துக்குப் போங்கள். ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான் என்று ஆரம்பித்து, மூச்சு வாங்காமல் நாம் வாசித்துத் தள்ளுகிற இடம். 5-ம் வசனத்தில் ராகாப் இருக்கிறாள். எரிகோ மதிலோரம் குடியிருந்த கானானியப் பெண். அந்த வசனத்தை மட்டும் உங்கள் பதினோரு வயதுக்காரனிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.