சங்கத்து இதழை நிறுத்தலாமா, டீச்சர்?

கேள்வி: வணக்கம் டீச்சர். பட்டர்வொர்த்தில் ஒரு கோயிலில் பதினோரு வருடமாக ஞாயிறு தேவார வகுப்பு எடுக்கிறேன். எங்கள் சமய ஆசிரியர் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் இதழ் போடுகிறது. சந்தாப் பணத்தில் பாதி அச்சுக்கும் தபாலுக்கும் போய்விடுகிறது என்கிறார் பொருளாளர். அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டத்தில் இதழை நிறுத்தலாமா என்று வாக்கெடுப்பு. இளையவர்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவே போதும் என்கிறார்கள். மூத்தவர்கள் மனம் நொந்துபோயிருக்கிறார்கள். நான் எதற்குக் கை தூக்குவது?
(ஒரு சமய ஆசிரியை, பட்டர்வொர்த்)

பதில்: நிறுத்த வேண்டாம் என்று தூக்குங்கள், தங்கச்சி. அதற்கு முன்னால் எழுந்து நின்று ஒன்று கேளுங்கள். கடைசியாக வந்த இதழில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு உதவுகிற பக்கம் எத்தனை?

நானும் இப்படி ஒரு சங்கத்தில் இருந்தவள். ஜெலுத்தோங்கில் என் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அதன் இதழ்கள்தான். உங்கள் கடிதம் வந்ததும் கடைசி இதழை எடுத்து எண்ணினேன். 40 பக்கம். மாலை மரியாதைப் படங்களும் வாழ்த்துச் செய்திகளும் 22. பாடம் சொல்லித் தருவது பற்றி 3. இப்படி ஓர் இதழுக்குப் பணம் கொடுக்கப் பொருளாளர் தயங்குவதில் தப்பில்லை.

அதே தட்டின் அடியில் 1987இல் உருட்டச்சில் போட்ட இதழ் ஒன்று இருக்கிறது. ஊசி துருப்பிடித்து நடுப்பக்கம் பழுப்பாகிவிட்டது. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் வகுப்பு எடுத்த ஆசிரியை அதில் எழுதியிருக்கிறார். 'தோடுடைய செவியன்' சொல்லிக்கொடுக்கும்போது ஒரு பையன், "சாமி ஆம்பளைதானே டீச்சர், ஏன் தோடு போட்டிருக்கு?" என்று கேட்டானாம். அவர் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் தன் தோட்டில் ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆண்கள் போடும் குழைக்குப் பதிலாகத் திரைச்சீலை வளையம் ஒன்றையும் எடுத்துப் போனார். ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் தோளோடு தோள் ஒட்டி நிற்க வைத்து, இரண்டு பேரையும் ஒரே வேட்டியால் சுற்றினார். வலப்பக்கம் பையன் காதில் வளையம், இடப்பக்கம் பெண் காதில் தோடு. பாதி சிவன், பாதி அம்மை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒரு குட்டி, "அப்படின்னா சம்பந்தர் முதல்ல அம்மாவைத்தான் பாத்தாரா?" என்று கேட்டது. சீகாழிக் குளக்கரையில் பசித்து அழுத மூன்று வயதுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் அம்மைதானே!

அதைப் படித்த அடுத்த ஞாயிறே நானும் அப்படிச் செய்தேன். வகுப்பை விடும்வரை ஒவ்வொரு வருடமும் செய்தேன். எழுதிய ஆசிரியையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நம் நாட்டில் பள்ளி நேரத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி. நம் சமய வகுப்பு பெரும்பாலும் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து நடக்கிறது. நமக்கென்று பயிற்சிக் கல்லூரி கிடையாது. ஒரு டீச்சர் பட்டுத் தெரிந்துகொண்டது இன்னொரு டீச்சருக்குப் போய்ச்சேர வேறு என்ன வழி இருக்கிறது? புலனத்தில் வருவது சாயங்காலத்துக்குள் ஐம்பது செய்திகளுக்கு அடியில் போய்விடும். கைப்பேசியை மாற்றினால் அதுவும் போச்சு. ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், மறு வருடமே அச்சுக்கூடமும் வைத்தார். வகுப்பு நடக்க வேண்டுமென்றால் அச்சும் வேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பணத்துக்கு வழி இருக்கிறது. வருடத்துக்கு நான்கை இரண்டாக்குங்கள். கேட்பவர்களுக்கும் நூலகங்களுக்கும் மட்டும் அச்சடித்து, மற்றவர்களுக்குப் பிடிஎஃப் அனுப்புங்கள். ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி வாங்கிய உரிமம் கையில் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு வருடா வருடம் புதுப்பிக்கும் தொல்லை இல்லை, ஆனால் விட்டுவிட்டால் மறுபடி விண்ணப்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மின்னிதழுக்கு ஐஎஸ்எஸ்என் என்கிற இதழ் அடையாள எண் தனி. அதைத் தேசிய நூலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதழ் உருமாறினால் பெரியவர்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். இங்கிலாந்தில் சமயக் கல்விக்கு 1934இல் தொடங்கிய இதழ் 1961இல் ஒரு பெயர், 1978இல் இன்னொரு பெயர் என்று மாறி, 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ரிலிஜியஸ் எஜுகேஷன்' என்று இன்னும் வருகிறது. இங்கே 1924இல் பிறந்த தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றது. நின்றதைத் திரும்ப எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: ஒரு சமய ஆசிரியர் இதழுக்கு நான்தான் ஆசிரியர். யாரும் கட்டுரை தருவதில்லை. நானே மூன்று புனைபெயரில் எழுதிப் பக்கம் நிரப்புகிறேன். களைத்துவிட்டேன்.
(சுங்கைப் பட்டாணி வாசகர்)

பதில்: ஐயா, 'கட்டுரை' கேட்பதை விடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஆசிரியர்கள் மேற்கோள் தேட ஆரம்பித்து, அப்படியே விட்டுவிடுகிறார்கள். போன வாரம் எந்த இடத்தில் பிள்ளைகள் முழித்தார்கள், அப்போது என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். குரல் பதிவாக அனுப்பினால் போதும் என்று சொல்லுங்கள். நீங்கள் எழுதி, அவர்களுக்குப் படித்துக் காட்டி, அவர்கள் பெயரிலேயே போடுங்கள்.

எல்லாரும் பேசத் துடிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. தேசியப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தேவாரத்தை ரோமன் எழுத்தில் அடித்துக் கொடுக்கலாமா? ஒரே 'எல்' எழுத்துக்குள் ல, ள, ழ மூன்றும் புகுந்துவிடுகின்றன. கொடுக்காவிட்டாலோ பிள்ளை அடுத்த வாரம் வருவதில்லை. மேலே தமிழ் வரி, கீழே ரோமன், ஆறு மாதத்தில் கீழ்வரியை எடுத்துவிடுவது என்பது என் வழக்கம். ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய. அவர்களை எழுதச் சொல்லுங்கள், பக்கம் போதாது.

அப்புறம், தனியாக இழுக்காதீர்கள். இரண்டு இளையவர்களைத் துணையாசிரியராகப் போடச் சொல்லிச் செயலவையில் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.

கேள்வி: காலமான அப்பா பினாங்கில் சமய ஆசிரியராக இருந்தவர். எண்பதுகளின் சங்க இதழ்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறார் அண்ணன்.
(ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: போடாதீர்கள், அம்மா. எங்கள் சங்கம் இடம் மாறியபோது பழைய இதழ்களை லாரியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. இன்றுவரை அந்த வருத்தம் தீரவில்லை. 1897இல் தொடங்கிய 'சித்தாந்த தீபிகை' என்ற சைவ இதழை இன்று நாம் படிக்க முடிகிறது என்றால் யாரோ ஒருவர் வீட்டில் எடுத்து வைத்ததால்தான்.

ரப்பர் பேண்ட் போடாதீர்கள், துருப்பிடித்த ஊசிகளை மெதுவாகக் கழற்றுங்கள், ஆண்டுவாரியாக அடுக்குங்கள். பிறகு கோலாலம்பூரில் தேசிய நூலகத்துக்கோ மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ எழுதிக் கேளுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. மேலே சொன்ன தோட்டுக் கட்டுரை 'தொடரும்' என்று முடிகிறது. அடுத்த இதழ் எனக்கு வந்து சேரவே இல்லை. உங்கள் அப்பா பெட்டியில் 1987இன் கடைசி இதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் ஏறி நானே வருகிறேன்.