கேள்வி – பதில்: ‘ஃபால்ஸ்’ கொடுத்தாலும் ‘ட்ரூ’ ஆவது ஏன்?

கேள்வி: புகைப்படக் கோப்புகளின் பெயரை மொத்தமாக மாற்றுவதற்குப் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கட்டளை வரியில் தருவதைப் படித்துத் தரும் ‘ஆர்க்பார்ஸ்’ என்ற பைத்தான் தொகுதியைக் கொண்டு, எதையும் மாற்றாமல் செய்யவிருப்பதை மட்டும் காட்டும் ‘--ஒத்திகை’ என்றொரு ஆப்ஷனைச் சேர்த்து, அதன் ‘டைப்’ பூல் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்ற வகை) என்று குறித்தேன். ‘--ஒத்திகை ஃபால்ஸ்’ என்று கொடுத்தாலும் வெறும் ஒத்திகைதான் நடக்கிறது. பிழைச் செய்தியும் வருவதில்லை. தவறு எங்கே?

பதில்: கட்டளை வரியில் எதைத் தட்டினாலும் அது ஸ்கிரிப்டுக்குச் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துத் தொடராகவே, வந்து சேர்கிறது. ‘டைப்’ என்ற இடத்தில் நாம் எழுதுவது வகையின் பெயர் போலத் தோன்றினாலும், அந்தச் சரத்தைக் கொடுத்து அழைக்கப்படும் ஒரு ஃபங்ஷனாகவே ஆர்க்பார்ஸ் அதை நடத்துகிறது. இன்ட் என்று எழுதினால் ‘12’ என்ற சரம் 12 என்ற எண்ணாகிவிடும். பூல் என்று எழுதினாலோ, அது சொல்லின் பொருளைப் படிக்காமல், சரம் காலியா இல்லையா என்று மட்டும் பார்க்கும். ‘ஃபால்ஸ்’ காலியான சரம் அல்ல, ஆகவே ட்ரூ. ‘0’ கொடுத்தாலும் ட்ரூதான். நல்லவேளையாக உங்கள் ஆப்ஷன் ‘ஒத்திகை’யாக இருந்தது; ‘--மாற்று’ என்று வைத்திருந்தால், வேண்டாம் என்று சொல்லியும் அத்தனை படங்களும் பெயர் மாறியிருக்கும்.

‘டைப்’பை நீக்கிவிட்டு, ‘ஆக்‌ஷன்’ என்ற இடத்தில் ‘ஸ்டோர்_ட்ரூ’ என்று எழுதுங்கள். அப்போது ‘--ஒத்திகை’ என்று தட்டினால் ட்ரூ, தட்டாவிட்டால் ஃபால்ஸ். மதிப்பு எதுவும் தர வேண்டியதில்லை. ‘வேண்டாம்’ என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல விரும்பினால், பைத்தான் 3.9 முதல் உள்ள ‘பூலியன்ஆப்ஷனல்ஆக்‌ஷன்’ உதவும். அது ‘--நோ-ஒத்திகை’ என்ற எதிர்மறை ஆப்ஷனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் கோப்புகளில் கைவைக்கும் ஸ்கிரிப்டில் ஒத்திகையையே இயல்பு நிலையாக வைத்து, உண்மையாக மாற்றுவதற்குத்தான் ஆப்ஷன் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

திருத்திய பிறகு, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே இயக்கும் கிரானிலோ வேறு ஷெல் கோப்பிலோ பழைய கட்டளை எழுதிவைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ‘ஸ்டோர்_ட்ரூ’ மதிப்பு எதையும் எடுத்துக்கொள்ளாது என்பதால், பின்னால் நிற்கும் ‘ஃபால்ஸ்’ என்ற சொல் தனித்துவிடும். உங்கள் ஸ்கிரிப்ட் கோப்புப் பெயர்களைக் கட்டளை வரியில் வாங்காததாக இருந்தால், ஆர்க்பார்ஸ் அதை அறியாத சொல் என்று கூறி 2 என்ற வெளியேற்றக் குறியீட்டுடன் நின்றுவிடும். எத்தனை பெயர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தால், ‘ஃபால்ஸ்’ என்ற கோப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும்.